கடுகளவு சந்தனம்

ஞானம் வேண்டுமானால் மலையேற வேண்டும் என்பார்கள். பூபாலன் சாலிகிராமத்தில் மூன்று மாடி ஏறினான். லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, இப்படியே இறங்கிப் போய்விடலாமா என்று யோசித்தான். கையில் ஒரு காக்கி உறை இருந்தது. உறைக்குள் மூன்று துண்டு பிலிம்.

கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே எஸ்தரம்மா தலையில் ஒரு கருப்புப் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஜன்னல் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

புதிதாக வந்த ஆளாக இருந்தால் அரண்டு போயிருப்பான். பூபாலனுக்கு அந்தப் பை பழக்கம். அதற்குள் கையை விட்டு, இருட்டில் தடவித் தடவித்தான் கேமராவுக்குப் பிலிம் மாட்டுவார்கள். பையில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தால் போதும், சுருள் முழுவதும் பாழ். அதனால் மாதம் ஒருமுறை எஸ்தரம்மா அதைத் தலையில் மாட்டிக்கொண்டு வெயிலைப் பார்ப்பார்.

"யாரு?" என்றது பை.

"பூபாலன்மா."

"உட்காரு. ஓட்டை தேடிக்கிட்டு இருக்கேன்."

உட்கார்ந்தான். பைக்குள் இருந்த முகத்துக்குத் தன் முகம் தெரியாது என்பதில் அவனுக்கு அப்போதைக்குக் கொஞ்சம் நிம்மதி.

எஸ்தரம்மா பாளையங்கோட்டைக்காரர். சினிமாவில் பெண் என்றால் கேமராவுக்கு முன்னால் நிற்கிறவள் என்று இருந்த காலத்தில் பின்னால் போய் நின்றவர். சங்கத்தில் உறுப்பினர் அட்டை கேட்டுப் போனபோது, "மேக்கப் பிரிவு அடுத்த கட்டடம்மா" என்று வழி சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அட்டை கிடைக்க நாலு வருஷம் ஆனது. வெளிப்புறப் படப்பிடிப்பில் பெண்ணுக்கு ஒதுங்க இடம் இருக்காது என்று காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் கேமரா பிடித்தவர். இருபத்திரண்டு படம் செய்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பெண்கள் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார்கள்.

வெளியாட்கள் அவரை 'ஒன் மோர் மேடம்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். அவரிடம் தொழில் கற்றவர்கள் மட்டும் அம்மா என்பார்கள். கிண்டலுக்குக் காரணம் உண்டு. அவர் யூனிட்டில் பிலிம் மாட்டினவன் சொதப்பினாலும், ஃபோகஸ் போனாலும், விளக்குப் பிடித்தவன் தூங்கி விழுந்தாலும் எஸ்தரம்மா ஒரே வார்த்தைதான் சொல்வார்.

"ஒன் மோர் சார். தப்பு என்னோடது."

பூபாலன் எட்டு வருஷம் அவரிடம் இருந்தான். அந்த எட்டு வருஷமும் அவர் வேறு வார்த்தை சொல்லி அவன் கேட்டதில்லை. அதை நினைத்துத்தான் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்றான்.

"சொல்லு, என்ன விஷயம்?" பையைக் கழற்றிவிட்டு எஸ்தரம்மா கேட்டார். முடி கலைந்து வேர்த்திருந்தது.

"ஒரு ஷாட்டைக் காப்பாத்த முடியுமான்னு கேக்க வந்தேன்மா."

அது பொய்யில்லை. ஆனால் அதற்காக மட்டும் வரவில்லை.

பூபாலன் தனியாகக் கேமராமேன் ஆகி இது இரண்டாவது படம். முந்தாநாள் ஒரு பழைய வீட்டுக்குள் படப்பிடிப்பு. மகன் இறந்த செய்தி கேட்டுத் தாய் அழ வேண்டும். முகம் மட்டும், மிக நெருக்கத்தில், வெட்டாமல் இரண்டரை நிமிஷம். அந்த நடிகை கிளிசரின் இல்லாமல் அழுதார். நடித்து முடித்ததும் சமையல்காரர் வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேமராவில் கண் வைத்திருந்த பூபாலனுக்கும் கண்ணீர். படம் கலங்கித் தெரிந்தபோது, கலங்கியது தன் கண்தான் என்று நினைத்துக்கொண்டான்.

நேற்று பிலிமைக் கழுவி லேப் தியேட்டரில் போட்டுப் பார்த்தார்கள். கலங்கியது அவன் கண் இல்லை.

திரை நிறைய அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தார். கண் இரண்டும் தண்ணீரில் போட்ட மாதிரி மங்கல். தியேட்டரில் பதினோரு பேர். "இன்னொரு தடவை அப்படி என்னால அழ முடியாது," என்று நடிகை சொல்லிவிட்டார். தயாரிப்பாளர் திரும்பிப் பூபாலனைப் பார்த்தார்.

பூபாலன் எழுந்தான். பின் வரிசையில் இருந்த மாசிலாமணியைப் பார்த்தான். மாசிலாமணி ஃபோகஸ் பார்ப்பவர். அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். போன மாதம்தான் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கியிருந்தார்.

"கண்ணு தெரியலன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே அண்ணே," என்றான் பூபாலன்.

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இதையெல்லாம் எஸ்தரம்மாவிடம் சொல்லும்போது மாசிலாமணியிடம் சொன்ன அந்த வாக்கியத்தைப் பூபாலன் விழுங்கிவிட்டான். "அண்ணன்கிட்ட கொஞ்சம் கோபமாப் பேசிட்டேன்," என்று மட்டும் சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கியவனுக்கு ஒரு கீற்று பெரிய விஷயமில்லை.

எஸ்தரம்மா உறையைப் பிரித்தார். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். முதல் துண்டை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது. மூன்றாவது.

"இது ஷாட்டோட ஆரம்பமா?"

"ஆமாம்மா. அது நடு. இது கடைசி."

"தோடு நல்லா இருக்கு," என்றார்.

பூபாலன் கைகளை மடியில் கோத்துக்கொண்டான்.

"கல்லு ஒவ்வொண்ணும் எண்ணலாம் போல இருக்கு. ஆரம்பத்துல தோடு. நடுவுல தோடு. கடைசியிலயும் தோடுதான். கை நடுங்கினா ஃபோகஸ் ஒரு தடவை மூக்குக்கு வரும், ஒரு தடவை முதுகுக்குப் போகும். இந்தக் கை இரண்டரை நிமிஷம் அசையவே இல்ல." பிலிமை உறையில் போட்டார். "மாசிலாமணி எத்தனை தடவை அளந்தார்?"

"ரெண்டு தடவை. எப்பவும் போல."

தொழிலில் அது பெரிய வேடிக்கை. கேமராவிலிருந்து நடிகர் கண் வரைக்கும் டேப் பிடித்து அளந்து, அந்த அளவுக்கு லென்ஸைத் திருப்பி வைப்பதுதான் ஃபோகஸ்காரர் வேலை. எல்லோரும் ஒரு தடவை அளப்பார்கள். மாசிலாமணி இரண்டு தடவை அளப்பார். 'ரெட்டை டேப்' என்று அவருக்குப் பட்டப்பெயர். பூபாலனே எத்தனையோ முறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறான்.

எஸ்தரம்மா மேசைப் பக்கம் கையைக் காட்டினார். அப்போதுதான் பூபாலன் பார்த்தான். தோல் உறை போட்ட அந்த டேப் அங்கே கிடந்தது.

"காலையில வந்தார். இது நான் என் முதல் படத்துல அவருக்குக் கொடுத்தது. திருப்பிக் கொடுத்துட்டார். திங்கட்கிழமையில இருந்து ஆரணியில மச்சான் ஹார்டுவேர் கடையில உக்காரப் போறாராம். கண்ணு போச்சும்மான்னார்."

"அப்படியெல்லாம் ஒண்ணும்..."

"பேப்பரைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். பத்திரம் காணோம்னு பொடி எழுத்துல விளம்பரம் போடுவாங்களே, அதைக் கடகடன்னு வாசிச்சார். வாசிச்சுட்டு, 'பேப்பர் தெரியுதும்மா, அந்த அம்மா முகம்தான் எனக்குத் தெரியாமப் போச்சு'ன்னார்."

பூபாலன் தரையைப் பார்த்தான். தன் கால் விரல்களைக்கூட அவனுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. திட்டு வாங்கியவர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பான். நம்பிவிட்டாரே. அவன் சொன்ன பொய்யைத் தன் கண்ணைவிட அதிகமாக நம்பிவிட்டாரே.

வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

எஸ்தரம்மா கருப்புப் பையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"சொல்லு," என்றது பை. "நான் பார்க்கல."

வெளியே தெருவில் பழைய பேப்பர்க்காரர் கூவிக்கொண்டு போனார். அவர் குரல் தேயும் வரைக்கும் பூபாலன் காத்திருந்தான்.

"அண்ணன் அளந்து வச்சுட்டு டேப்பைப் பெட்டியில வைக்கப் போனார்மா. ஃப்ரேம் ஓரத்துல கதவு நிலை தெரிஞ்சது. அந்த அம்மாவுக்கு அதுக்குள்ள கண்ணு கலங்க ஆரம்பிச்சிடுச்சு. டைரக்டர் மெதுவா 'ரோல்'னார். நான் கேமராவை முன்னால தள்ளினேன்."

"எவ்வளவு?"

"அரைச் சாண். கண்ணுக்கு அளந்தது தோட்டுக்குப் போயிடுச்சு."

"சொன்னியா?"

"அண்ணன் வந்து லென்ஸ்ல கை வைக்கிறதுக்கும் ஷாட் ஆரம்பிக்கிறதுக்கும் சரியா இருந்துச்சு. சொல்ல நேரமில்ல."

பை அசையவில்லை.

"நேரம் இருந்துச்சு," என்றான் பூபாலன். "ஒரு வார்த்தைதானே. அரைச் சாண்தானே, தெரியாமப் போயிடும்னு விட்டுட்டேன். தியேட்டர்ல படம் வந்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சும்மா. எல்லாருக்கும் முன்னால எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுந்தேன். கண்ணு தெரியலன்னா வீட்டுல இருங்கன்னு சொன்னேன். பதினோரு பேர் முன்னால."

"ஏன்?"

"ரெண்டாவது படம்மா. இதுல பேர் கெட்டா மூணாவது கிடையாது."

பைக்குள்ளிருந்து ஒரு விரல் துணியைக் குத்திக்கொண்டு வந்தது.

"இங்க இருக்கு ஓட்டை. இதைப் பிடி."

பூபாலன் எழுந்து போய் அந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டான். எஸ்தரம்மா பையிலிருந்து வெளியே வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊசியில் கருப்பு நூலைக் கோத்தார். அவன் பிடிக்க, அவர் தைத்தார். முகத்துக்கு முகம் ஒரு முழம்கூட இல்லை. இப்போது ஒளிந்துகொள்ள இடமில்லை.

"உங்ககிட்ட எட்டு வருஷம் இருந்தேன்மா," என்றான். "நீங்க ஒரு தடவைகூட யார் மேலயும் பழி போட்டதில்ல. உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

"ஒரு தடவை போட்டேன்," என்றார் எஸ்தரம்மா.

ஊசி உள்ளே போய் வெளியே வந்தது.

"முதல் படம். முதல் நாள். பூஜை போட்டாங்க. கேமராவுக்கு மாலை, குங்குமம், எல்லாம். நான் கிறிஸ்தவப் பொண்ணு, பொட்டு வைப்பாளோ மாட்டாளோன்னு ஒரு கூட்டம். பொம்பளை கேமராவைத் தொடுறதைப் பார்க்கணும்னு இன்னொரு கூட்டம். நானே சந்தனத்தைக் குழைச்சு வச்சேன். அது தப்பில்ல. அப்புறம் மாசிலாமணி லென்ஸை எடுத்துக்கிட்டு வந்தார். லென்ஸ் மாட்டுறது அவர் வேலை. அவர் கையில இருந்து அதைப் பிடுங்கினேன்."

"ஏன்மா?"

"எல்லாரும் பார்க்கட்டும்னுதான். பொம்பளைக்கு இதெல்லாம் தெரியுமான்னு கேட்டாங்களே, பார்த்துக்கோன்னு. விரல்ல சந்தனம் இருந்தது. கையைத் துடைக்கணும்னுகூடத் தோணல. நானே மாட்டினேன். கை தட்டினாங்க."

"லென்ஸ் சரியா உக்காரலயா?"

"சாயங்காலம் கழட்டித் துடைக்கும்போது பார்த்தேன். விளிம்புல காய்ஞ்சு ஒட்டியிருந்தது. கடுகளவு. ஷாட் எடுக்கும்போது கேமராவுக்குள்ளதான் கண்ணை வச்சிருந்தேன். ஆனா படத்தைப் பார்க்கல. என்னை யார் யார் பார்க்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்தச் சந்தனத்தைக் கைக்குட்டையால துடைச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

பூபாலனுக்குக் கட்டைவிரல் வலித்தது. எடுக்கவில்லை.

"மறுநாள் தியேட்டர். முதல் ஷாட் முழுக்கக் கலங்கல். பின்னால யாரோ சிரிச்சாங்க. பொம்பளை கையில கொடுத்தா இப்படித்தான்னு ஒருத்தர் ஆரம்பிச்சார். அவர் முடிக்கிறதுக்குள்ள மாசிலாமணி எழுந்துட்டார். 'என் கை நடுங்கிடுச்சு சார், மன்னிச்சிடுங்க'ன்னார்."

"உங்களைக் காப்பாத்தவா?"

"அப்படி இருந்திருந்தாக்கூட நல்லா இருக்கும். இல்ல. நெஜமாவே தன் கைதான்னு நம்பினார். அளவு சரியா இருந்து படம் கலங்கினா வேற என்னன்னு நெனைப்பார்? அரை மணி நேரம் திட்டு வாங்கினார். அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டினாங்க. நான் பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தேன். கைக்குட்டை மடியில இருந்துச்சு. மஞ்சக் கறை வெளிய தெரியாம மடிச்சு வச்சுக்கிட்டேன்."

எஸ்தரம்மாவின் குரல் மாறவில்லை. முகம்தான் அவன் இதுவரை பார்க்காத முகமாக இருந்தது. தப்பு செய்துவிட்டு வகுப்புக்கு வெளியே நிற்கிற பெண்ணின் முகம். பூபாலன் கண்ணைத் திருப்பப் பார்த்தான். அவர் திருப்ப விடவில்லை.

"பின்னால வரப்போற பொண்ணுங்களுக்காகத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முதல் நாளே முதல் பொண்ணு தப்புப் பண்ணினா அடுத்தவளுக்குக் கதவைத் திறக்க மாட்டாங்கன்னு. அது நெஜமும்கூட. ஆனா அந்த அரை மணி நேரம் நான் ஒரு பொண்ணையும் நெனைக்கல. என்னைத்தான் நெனைச்சேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டும் எங்கெங்கே போய் உட்கார்ந்தன என்று பூபாலனுக்கு இப்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது.

"அந்த ரெண்டு தடவை அளக்கிறது..."

"மறுநாள் காலையில ஆரம்பிச்சார். முதல் நாள் ஒரு தடவைதான் அளந்தார்."

"நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன்மா. வெளிச்சம் உங்களுக்குத் தெரியிற மாதிரி இங்க பாதிப் பேருக்குத் தெரியாது, ஏன் கேமராமேன் ஆகலன்னு. சிரிப்பார். 'முதல் நாளே கை நடுங்கினவன் தம்பி நான்'னு சொல்வார்."

"என்கிட்டயும் அதையேதான் சொன்னார். என்கிட்டயே."

ஊசி நின்றது.

"அப்புறம்தான் 'தப்பு என்னோடது, தப்பு என்னோடது'ன்னு எல்லாத்துக்கும் சொன்னீங்களா?"

"ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அந்த ஒரு நாளுக்கு மட்டும் சொல்லல. நல்ல மனுஷின்னு பேர் வந்துடுச்சு. பேர் வந்த பிறகு சொல்றது இன்னும் கஷ்டமாப் போச்சு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "விரலை எடு."

பூபாலன் எடுத்தான். விரலில் நகம் பதிந்திருந்தது. இவரைப் பார்த்தால் மனசு லேசாகும் என்றுதான் மாடி ஏறினான். இப்போது இருவர் வெட்கமும் சேர்ந்து அந்தச் சின்ன அறையில் உட்கார இடமில்லாமல் இருந்தது.

"அண்ணன் வீட்டுக்குப் போய்க் கால்ல விழுந்துடறேன்மா," என்றான்.

"எங்க வச்சுச் சொன்ன?"

"லேப் தியேட்டர்ல."

"எத்தனை பேர்?"

அவர் மறந்துபோய்க் கேட்கவில்லை என்று பூபாலனுக்குத் தெரிந்தது.

"நாலு மணிக்கு மறுபடி போட்டுப் பார்க்கிறாங்க," என்றான் கடைசியில். "அதே ஆளுங்கதான் வருவாங்க. ஷாட்டை என்ன பண்றதுன்னு முடிவு பண்ண."

எஸ்தரம்மா போனை எடுத்து எண்ணைச் சுழற்றினார்.

"மாசிலாமணியா? எஸ்தர் பேசறேன். நாலு மணிக்கு லேப் தியேட்டருக்கு வந்துடுங்க. ... தெரியும், தெரியும். ஆரணிக்குத் திங்கட்கிழமைதானே? இன்னிக்கு வாங்க. டேப்பை நான் கொண்டு வர்றேன். ... ஆமா, கண்ணாடியும் போட்டுட்டு வாங்க. நல்லாப் பார்க்கணும் நீங்க."

போனை வைத்தார். தலையை வாரிக்கொண்டார். தைத்த பையை மடித்து அலமாரியில் வைத்தார். டேப்பை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினார். சாவி இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவைதான் பூட்டில் நுழைந்தது. பூபாலன் பார்க்காதது போல நின்றான்.

படி குறுகல். அவன் முன்னால் இறங்கினான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டான்.

"அம்மா, நீங்க எதுக்கு? நான் சொன்னா அண்ணன் கண்ணு மேல இருக்கிற பழி நீங்கிடும். அது போதும். உங்களுது யாருக்கும் தெரியாது. பதினேழு வருஷம் ஆச்சு. உங்க போட்டோவைக் கல்லூரியில மாட்டி வச்சிருக்காங்க. உங்களைப் பார்த்து மூணு பொண்ணுங்க வந்திருக்காங்க. அவங்க காதுக்குப் போனா என்ன நெனைப்பாங்க?"

"அவங்களுக்கும் போன் பண்ணி வரச் சொல்லியிருக்கணும். மறந்துட்டேன்."

"அம்மா."

"லேப்ல போன் இருக்குல்ல, பண்ணிக்கலாம்."

பூபாலன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப நான் முதல்ல சொல்லிடறேன்மா. நான் சொல்லி, அவங்க என்னைத் திட்டி முடிக்கட்டும். அப்புறமும் உங்களுக்குச் சொல்லணும்னு தோணினா சொல்லுங்க."

எஸ்தரம்மா இரண்டு படி மேலே நின்றார். டேப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"உன்னோடது நேத்து வந்தது. என்னோடது பதினேழு வருஷமா வரிசையில நிக்குது," என்றார். "தள்ளி நில்லு. நான் முன்னால போறேன்."